இஸ்திரிப் பெட்டி வெளியே போன வெயில் காலம்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். வெளியே வெயில் என்றால் உள்ளே அதைவிட வெயில். பினாங்கு ஜெலுத்தோங் பக்கம், ஆற்றை ஒட்டி, தாழ்வாகத் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு அது. அப்பா டோபி. ஆற்றில் துவைத்து, கரையில் உலர்த்தி, வீட்டுக்குள் தேய்த்து மடிப்பது எங்கள் தொழில். தலைக்கு மேல் தகரம் காயும். கீழே பாதி அறையை அடைத்துக் கிடந்த மேசையில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு இஸ்திரி போடுவார்கள்.

தை பிறந்து மழை விட்டுப்போனால் பினாங்கில் இரண்டு மூன்று மாதத்துக்குக் காற்று அசையாது. "அண்ணி, சட்டைய என் முதுகுல விரிச்சிப் போடுங்க, தானா தேஞ்சிரும் லா" என்பார் சித்தப்பா. அம்மா சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். வேலை நேரத்தில் சிரித்தால் மடிப்பு கோணும் என்பது அவர் எண்ணம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதைக் குரல் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அப்பா குரல் தாழ்த்தாமல் சொல்லிக்கொண்டது வேறொன்று. டோபி என்றால் ஊரார் சட்டையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை போலத் திரிகிறவன் என்று கேலி உண்டு. ஒரு தைப்பூசத்தன்று சித்தப்பா யாருடைய பட்டுச் சட்டையையோ போட்டுக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார். அப்பா நடு ரோட்டில் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வெற்றுடம்போடு சாமி கும்பிட அனுப்பிவைத்தாராம். "அடுத்தவன் துணி நம்ம கையில இருக்கலாம், உடம்புல இருக்கக் கூடாது" என்பார். நானும் அந்தப் பெருமையில்தான் வளர்ந்தேன்.

ஜப்பான்காரன் வந்தபின் இந்தப் பெருமையைக் காப்பாற்றுவது சிரமமாயிற்று. கடைகளில் துணி மறைந்தது. அம்மா கோணிச்சாக்கைப் பிரித்து எனக்குப் பாவாடை தைத்தாள். உட்கார்ந்தால் தொடை எரியும், நடந்தால் முழங்கால் எரியும். ஆனால் வீடு நிறையத் துணி இருந்தது. ஜப்பான் அதிகாரிகளின் சட்டைகள், கால்சட்டைகள், தாமரை இலைபோல வழுவழுப்பான வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அவற்றுக்கு மரவள்ளிமாவில் கஞ்சி போட வேண்டும். எங்கள் சாப்பாடும் மரவள்ளிதான். காலர்கள் குடித்தது போக மிஞ்சியதை நாங்கள் குடித்தோம்.

அந்த வருடத்து வெயிலில், மூன்று வயதுத் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் அம்மா அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக மேசைக்குப் போய், அப்பா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"ஆத்தா வந்திருக்கா. இனிமே இது உள்ள ஆகாது."

அம்மை கண்ட வீட்டில் சூடு இருக்கக் கூடாது. வீடு குளிர்ந்தால்தான் ஆத்தா குளிர்வாள், ஆத்தா குளிர்ந்தால்தான் பிள்ளையை விடுவாள். எனக்குத் தெரிந்து அப்பாவின் வேலையை அம்மா நிறுத்தியது அன்றுதான். அப்பாவும் சித்தப்பாவும் மேசையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த பலாமரத்தடியில் போட்டார்கள். கரிப்பெட்டிகளும் துணி மூட்டைகளும் அங்கேயே போயின. அன்றுமுதல் ஆண்கள் இருவரும் மூட்டைகளோடு மரத்தடியில்தான் படுத்தார்கள்.

பிறகு அம்மா வீட்டைக் குளிர வைக்கத் தொடங்கினாள். அடுப்பை வெளியே தள்ளினாள். தாளிக்கக் கூடாது என்றாள்; தாளிக்க எண்ணெயும் இல்லை, ஆத்தாவுக்கு அந்த மட்டில் சிரமம் வைக்கவில்லை. விடிந்ததும் சன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்தபின் திறந்தாள். சன்னலுக்கும் வாசலுக்கும் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தாள். அது காயக் காய நனைப்பது என் வேலை. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் என்னை உள்ளே இருக்க விட்டாள். சித்தப்பா தென்னை ஓலைகளை இழுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, தகரம் தெரியாமல் பரப்பினார். உச்சிவெயிலில் அப்பா ஆற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அதன் மேல் வீசுவார். தண்ணீர் ஓலை நுனியில் சொட்டும். மண்தரை எப்போதும் ஈரமாக இருக்கும். ஒரே வாரத்தில் எங்கள் வீடு எனக்குத் தெரியாத வேறு வீடாகிவிட்டது. கோயில் கருவறைபோல இருட்டாக, வேப்பிலை வாசனையோடு, அவ்வளவு குளிர்ச்சி.

வேப்பிலையை மட்டும் அம்மா வாசலில் செருகவில்லை. உள்ளேதான் கட்டினாள். அம்மை கண்ட வீட்டை ஜப்பான்காரர்கள் அடைத்துவிட்டு, படுத்திருப்பவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு. போனவர் யாரும் திரும்பியதாகப் பேச்சு இல்லை.

வீடு குளிர்ந்தும் தங்கச்சி அடங்கவில்லை. முத்துக்கள் உடம்பு முழுக்கப் போட்டிருந்தன. கோணிமேல் படுக்க வைத்தால் ஒவ்வொரு நாரும் அவளைக் கிழித்தது. வாழை இலையில் கிடத்தினார்கள். இலை வாடிக் கிழிந்ததும் மறுபடி கோணி. அழக் குரல் இல்லாமல் ஒரு பூனைக்குட்டியைப் போல முனகினாள். அப்பா வாசற்சாக்குக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மரத்தடிக்குப் போய், தேய்த்து மடித்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து வந்து, வாளியில் முக்கிப் பிழிந்தார்.

அம்மா பதறிப்போனாள். "வேணாங்க. அவன் துணிங்க அது. கைய வெட்டிருவான்."

"புள்ளைக்கு எரியுதுடி" என்றார் அப்பா.

விரிப்பை நாலாக மடித்துத் தரையில் போட்டு, மேலே வேப்பிலை தூவி, தங்கச்சியைக் கிடத்தினார்கள். அவள் ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்த்துணி நம் உடம்பில் படக் கூடாது என்று சொன்னவர் அவர்தானே? சித்தப்பாவைச் சட்டை இல்லாமல் அனுப்பியவர், தங்கச்சிக்கு மட்டும் எப்படிக் கொடுக்கலாம்? என் கோணிப்பாவாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அம்மை வந்தபோது யாரும் வெள்ளை விரிப்பு போட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

துணி கேட்டு வரும் நாள் நெருங்கியது. சித்தப்பா மரத்தடியில் மெதுவாகச் சொன்னார். "அத வாங்கித் தொவச்சுக் குடுத்துரலாம்ணே. ஒரு பயலுக்கும் தெரியாது. அவனுங்களுக்கும் ஆத்தா வந்துட்டுப் போகட்டுமே, நம்ம வீட்டுல மட்டும்தானா அவளுக்குச் சோறு?"

"துணில நோவ வச்சுக் குடுக்குறவன் டோபி இல்லடா."

"அப்ப என்னதான் சொல்லப் போறே?"

"ஆத்துல போச்சும்பேன்."

துணியை ஆற்றில் விட்டேன் என்று ஒரு டோபி சொல்வது, பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தேன் என்று தாய் சொல்வது போல. அப்பா ஒரு கைக்குட்டையைக்கூட விட்டதில்லை.

ஜப்பான் சிப்பாய் காலையிலேயே வந்தான். மூட்டைகளை மரத்தடி மேசைமேல் பிரித்து எண்ணினான். மறுபடியும் எண்ணினான். இன்னொன்று எங்கே என்று உடைந்த மலாயில் கேட்டான். "ஈலாங், துவான். சுங்கை" என்றார் அப்பா. தொலைந்துவிட்டது ஐயா, ஆற்றோடு போய்விட்டது என்றார். நான் வாசற்சாக்கின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது, விரிப்பு இங்கேதானே இருக்கிறது! சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அம்மாவின் ஈரக்கை பின்னாலிருந்து வந்து வாயோடு மூக்கையும் சேர்த்துப் பொத்தியது.

வெளியே அறை விழுந்த சத்தம் கேட்டது. ஒன்றல்ல.

பிறகு அவன் அப்பாவை முற்றத்து வெயிலில் நிறுத்தி, எங்கள் வாளியிலேயே நிறையத் தண்ணீர் ஊற்றி, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். அவன் பலாமர நிழலில், அப்பாவின் மேசைமேல் உட்கார்ந்துகொண்டான். சித்தப்பா ஓரடி முன்னே வைத்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த அடி அங்கேயே நின்றது.

வெயில் ஏறியது. வாளி சாயும்போதெல்லாம் சிப்பாய் கத்தினான். அம்மா சாக்கை நனைத்தாள், தரைக்குத் தண்ணீர் தெளித்தாள், தங்கச்சியின் உதட்டில் இளநீர் சொட்டினாள், மறுபடி சாக்கை நனைத்தாள். ஒருமுறைகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவும் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது. அவர் வாசலைப் பார்த்தால் அவனும் வாசலைப் பார்ப்பான் என்பது அன்று எனக்குத் தெரியாது. குளிர்ந்த தரையில் கால் வைத்துக்கொண்டு, அப்பா வேகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் அவன் மூட்டைகளைச் சித்தப்பா தலையில் ஏற்றிவிட்டுக் கிளம்பினான். அவர்கள் திருப்பத்தில் மறைந்ததும் அம்மா வாசலுக்கு ஓடினாள். "உள்ள வாங்க. வாங்க, சித்த படுங்க" என்றாள். அப்பா வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"இந்தச் சூட்டோட எப்படி உள்ள வர்றது?" என்றார். "இரு. ஒடம்பு ஆறட்டும்."

வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, உடம்பு குளிரும்வரை மரத்தடியில் காத்திருந்து, அதன்பின்தான் உள்ளே வந்தார். தங்கச்சியின் காலடியில் உட்கார்ந்து ஒரு விரலால் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஈரம் பத்தல" என்றார் அம்மாவிடம்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் தங்கச்சி எழுந்திருக்கவில்லை. அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்கக் கூடாது. அப்பா தங்கச்சியை அந்த விரிப்பிலேயே சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். சித்தப்பா மண்வெட்டியோடு பின்னால் போனார். திரும்பி வந்து இருவரும் ஆற்றில் குளித்துவிட்டு, மரத்தடியில் கரி மூட்டினார்கள். துணிகள் வந்து கிடந்தன.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மத்தியானமானால் அம்மா எழுந்து சாக்குகளை நனைத்தாள். தரைக்குத் தண்ணீர் தெளித்தாள். கூரை ஓலை காய்ந்தால் புது ஓலை கேட்டாள். சித்தப்பா ஒருநாள் கரிப்பெட்டியை உள்ளே தூக்கி வந்தார். "சூடு ஆகாது" என்றாள் அம்மா. சித்தப்பா எதுவோ சொல்ல வாயெடுத்து அப்பாவைப் பார்த்தார். அப்பா பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனார். அம்மை இறங்கினால் பிள்ளையின் தலைக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றுவார்கள். அதோடு வீட்டில் வழக்கமான வேலைகள் தொடங்கலாம். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றத் தலை இல்லை.

மழை வரும்வரை அப்படியே நடந்தது. சன்னலோரம், தங்கச்சி படுத்திருந்த, வீட்டிலேயே குளிர்ச்சியான அந்த இடம் எனக்கு வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈரச்சாக்கை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கண் மூடினாலும் அவள் கை நிற்காது. எனக்காகத்தான் இவ்வளவும் செய்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வெயில் காலம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன்.