ராஜகுமாரிக்கு நான் கொடுத்த நற்சான்று

ராஜகுமாரி இறந்த செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. “வேதியியல் துறை ராஜகுமாரி மேடம் இன்று காலை காலமானார். எஸ்.சி. கோட்டாவில் வராமல், சொந்தத் திறமையில் வந்தவர்.” முதல் வரியைப் படித்து அழுதேன். இரண்டாவது வரியில் அழுகை நின்றுவிட்டது. அந்த வரி என்னுடையது.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய ஆய்வுக்கூடம் நினைவிருக்கும். ஆங்கிலம் வராமல் விழிக்கும் மாணவியிடம், “உங்க ஊர்ப் பேச்சுலயே சொல்லும்மா. தப்பாச் சொன்னாத் திருத்தலாம், சொல்லாமலே இருந்தா நான் என்னத்தத் திருத்த?” என்பார். கெங்கவல்லியிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வந்தும் முதல் மணிக்குத் தாமதித்ததில்லை.

ஆசிரியர் அறையில் அவருக்கு நடந்ததும் நினைவிருக்க வேண்டும். வணிகவியல் மாணிக்கம் சார் பேச்சுவாக்கில் தொடங்குவார்: “உங்களுக்கென்னங்க மேடம், கவர்மெண்டே ஊடு தேடி வந்து வேலை குடுத்துருது.”

“அப்படியா சார்? விலாசம் தெரியாம ஏழு வருசம் சுத்துச்சு போல. அதுவரைக்கும் டியூசன் எடுத்துக் காலம் தள்ளினேன்.”

எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. வேதியியலுக்கான ஒரே தேர்வுப் பட்டியலில் வந்தவர்கள் நாங்கள் இருவரும். எஸ்.சி. சமூகத்தவரான அவர் தேர்வானது பொதுப்பிரிவில், மதிப்பெண்ணில் எனக்கு வெகு மேலே. “சும்மா இருங்க சார், அவங்க கோட்டாவே இல்லை. சொந்தத் திறமையில வந்தவங்க” என்றேன்.

நன்றி சொல்வார் என்று நினைத்தேன். வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“உண்மைதானுங்களே?”

“உண்மைதான். அப்ப கோட்டாவுல வந்தா திறமை இல்லையா? நாளைக்கு எங்க பொண்ணு ஒருத்தி எஸ்.சி. இடத்துல இங்க வருவா. என்னைக் காட்டியே அவளை அடிப்பாங்க.” பிறகு கேட்டார்: “நீங்க எந்தப் பிரிவு?”

“பி.சி.ங்க.”

“இத்தனை வருசத்துல உங்களை ஒருத்தராவது கேட்டிருக்காங்களா?”

கேட்டதில்லை. இளம்பிள்ளையில் தறி ஓட்டிய குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இட ஒதுக்கீடு இல்லையென்றால் அந்த அறையில் எனக்கு நாற்காலி இல்லை. மாணிக்கம் சாரும் பி.சி. இடத்தில் வந்தவர்தான். மகனை நாமக்கல் விடுதிப் பள்ளியில் லட்சங்களைக் கொட்டிப் படிக்கவைத்துவிட்டு, தகுதியைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்தவரும் அவரே.

இரங்கல் கூட்டத்தில் அவர்தான் பேசினார்: “நம்ம மேடம் இப்ப வர்றவங்க மாதிரி இல்லைங்க. சொந்தத் திறமையில வந்தவங்க.” ஆறு மாதம் முன்பு எஸ்.சி. இடத்தில் பணியில் சேர்ந்த கவிதா, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்தேன். “நான் பி.சி. இடத்துல வந்தவ. நீங்களும் அப்படித்தானுங்க சார். நம்ம திறமையை யாருங்க கேட்டா?”

“துக்கக் கூட்டத்துல எதுக்குங்க இதெல்லாம்? உக்காருங்க மேடம்.”

உட்காரவில்லை. ஆனால் கவிதா நிமிரவும் இல்லை.

ராஜகுமாரி என்மேல் கோபப்பட்டது வராந்தாவில் அந்த ஒரு முறைதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். ஆறாமல் இருக்கட்டும்.