நெல்லுக்குள் பச்சை வெட்டுக்கிளி

அறுபதுகளின் கடைசி. ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊரிலிருந்து, குடவாசல் அருகே ஒரு பண்ணை வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்த நேரம். எங்கள் வயலில் நடவுப் பெண்களுக்காக முன்னால் நின்று பேசியவள் ஒருத்தி. அவள்மேல் என் மாமனாருக்கு உள்ளூரப் புகைச்சல்.

ஐப்பசியில் ஒரு காலை, கொல்லையை ஒட்டிய வயலில் சம்பாப் பயிரின் தோகையெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. அவளிடம் ஆடு இருந்தது, போதாதா?

"வேணும்னே மேயவிட்டிருக்கா. இன்னிக்கே குடிசையக் காலி பண்ணச் சொல்லு" என்று மாமனார், பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரரிடம் கத்தினார். அவள் குடிசை எங்கள் மனையில் இருந்தது. கைப்பிள்ளையோடு வரப்பில் நின்றவள், "ஆடு கட்டுலதான் கெடந்துச்சுங்கய்யா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சத்தம் கேட்டு நானும் ஓடினேன்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. ஒரு தோகையைப் பிடித்துப் பார்த்தேன். ஆடு கடித்தால் நுனியே இருக்காது. இது ஓரத்திலிருந்து உள்ளே கொறித்திருந்தது. எங்கள் ஊர்க் கம்பங்கொல்லையில் எத்தனை பார்த்திருக்கிறேன்.

"மாமா, இது ஆடு இல்ல, வெட்டுக்கிளி."

"எங்கம்மா இருக்கு? காட்டு."

தேடினேன். எங்கள் ஊர் வெட்டுக்கிளியின் செம்மண் நிறத்தில் ஒன்றுகூட இல்லை. மானம் போயிற்று என்று நினைத்தபோது ஒரு தண்டில் ஏதோ நகர்ந்தது. அதே சரிந்த முகம், ரம்பம் போல அதே பின்னங்கால். நிறம் மட்டும் நெற்பயிரின் பச்சை. கையை நீட்டினால் தண்டைச் சுற்றி மறுபக்கம் ஒளிந்தது.

"இந்த ஒண்ணா இவ்வளவையும் தின்னுச்சு?" என்றார் மாமனார்.

"கயிறு இழுத்துப் பாத்துருவோம்ங்கய்யா" என்றாள் அவள். பூச்சி விழுந்தால், மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துப் பயிர்மேல் இழுப்பது இங்கே வழக்கம். கயிறு வந்தது. யாரையும் நம்பாத மாமனார் ஒரு முனையைத் தானே பிடித்தார். பிள்ளையோடு அவள் தயங்க, நான் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்; அவள் மறுமுனையைப் பிடித்தாள். காரியக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

நாலடி இழுப்பதற்குள் பொரி வெடித்தாற்போல வயலே எழும்பியது. எல்லாம் பச்சை.

மாமனார் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு, "மேலண்ட வயலையும் இழுத்துருவோம். விடாம புடி" என்றார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். குடிசைப் பேச்சை அதற்குப்பின் எடுக்கவே இல்லை.

"புடிக்கிறேங்கய்யா. கூலிப் பேச்சு அப்படியேதான் நிக்குது" என்றாள் அவள், கயிற்றை இறுக்கியபடி.

இன்றும் யாராவது, இன்னார்தான் செய்தார் என்று அடித்துச் சொன்னால், அன்று என் தோளில் தூங்கிப்போன அந்தப் பிள்ளையின் கனம்தான் எனக்கு முதலில் தெரிகிறது.