குடை பிடித்துத் தண்ணீர் ஊற்றிய பாத்தி

நாற்று நட்ட நாளை ‘நாள் 1’ என்று குறித்து, அதிலிருந்து எண்ணி எழுதுவது என் பழக்கம். ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில், மாணவர்களுக்குத் தோட்ட வேலை கற்றுத்தரும் திட்டத்தில் ஒப்பந்தப் பயிற்றுநராக இருந்தபோது எழுதிய நோட்டிலிருந்து ஐந்து நாள்களை இங்கே தருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும்.

நாள் 19, திங்கள்

காலை ஏழேகால். நாற்பது மிளகாய்ச் செடிகளில் முப்பத்தொன்று தலை கவிழ்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் பழுப்பேறி, கொழகொழத்து, நாறியது. இந்த ஊரில் ஜனவரி மழைக்காலம். முந்தைய வாரம் முழுக்க மழை விடவில்லை.

அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. குழுத் தலைவி கவிதா, உயர்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி, ஒரு கையில் குடையும் மறு கையில் பூவாளியுமாக வந்தாள்.

“என்னம்மா பண்றே?”

“தண்ணி ஊத்தப் போறேன் சார்.”

“மழை பெய்யுதே!”

“தெரியும் சார். ஆனா ஷீட்ல காலைல ஒரு டிக், சாயந்தரம் ஒரு டிக்னு இருக்கு. ‘ஊத்தல’ன்னு எழுத எடமே இல்ல. டிக் விட்டா குரூப் பாயிண்ட்ஸ் போயிடும்லா. செடி வேற வாடிருச்சு, அதான் வெள்ளிக்கிழமை ரெண்டு கேன் எக்ஸ்ட்ரா ஊத்துனோம்.”

அந்த ஷீட் நான் கோடு போட்டு, லேமினேட் செய்து மாட்டியது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 20, செவ்வாய்

திட்டத்தை ஏற்று நடத்திய நிறுவனத்தின் மேனேஜர் மோகன் வந்து பார்த்தார். என்னைவிட இருபது வயது இளையவர். வெள்ளிக்கிழமை தோட்டத் திறப்பு விழா.

“டென்ஷன் ஆகாதீங்கண்ணே. நர்சரில காய்ச்ச செடியாவே இருக்கு. வியாழக்கிழமை லாரி வரும், எறக்கிடலாம். பேர் மட்டும் பசங்களோடது.”

“நட்டு இருபத்து மூணு நாள்ல மிளகாய் காய்க்குமா மோகன்?”

“யாருக்குத் தெரியப் போவுது? கெஸ்ட் ரெண்டு நிமிஷம் நிப்பாரு, போட்டோ எடுப்பாரு, போயிடுவாரு.”

“பசங்களுக்குத் தெரியும்.”

அவர் குரலைத் தணித்தார். “அண்ணே, அடுத்த வருஷ கான்ட்ராக்ட்டை அன்னிக்கு வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. பாத்துக்குங்க.”

எனக்கு அறுபத்தொரு வயது. அந்த வேலை போனால் இன்னொன்று சுலபத்தில் கிடைக்காது. மாலை லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்துக்கொண்டே நோட்டில் ‘ஒத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அந்த அடித்தல் இன்னும் இருக்கிறது.

நாள் 21, புதன்

மாணவர்களிடம் இரண்டையும் சொன்னேன்: ஷீட் என் தப்பு, நாளை லாரி வருகிறது.

“அப்ப எங்க செடி?” என்றாள் கவிதா.

“குப்பைக்கு.”

“யாரோ வளத்த செடிக்கு என் பேர் எதுக்கு சார்? நாங்க கொன்னதுக்குப் போடுங்க.”

“கவிதா மர்டரர்!” என்று பின்னாலிருந்து தினேஷ் கத்தினான்.

“போடா! மழைன்னா தோட்டத்துப் பக்கமே வர மாட்டே, பேச்ச பாரு!”

நாள் 22, வியாழன்

லாரி வந்தது. “அண்ணே, எறக்கவா வேணாமா? தெம்பனிஸ்ல இன்னொரு டெலிவரி இருக்கு” என்றார் ஓட்டுநர். டெலிவரி ஆர்டர் தாளில் ‘ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மோகன் நான்கு முறை அழைத்தார். நான்காவது முறை எடுத்து, அதையே வாயாலும் சொன்னேன்.

நாள் 23, வெள்ளி

ஒன்பது செடிகள். முப்பத்தொரு காலி இடங்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஐஸ்கிரீம் குச்சி. நடுவில் மாணவர்கள் எழுதிய அட்டை: ‘மழையிலும் தண்ணீர் ஊற்றினோம். வேர் அழுகிவிட்டது.’ அதன் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: ‘அப்படி ஊற்றச் சொன்ன பட்டியலைப் போட்டவர் பயிற்றுநர்.’

“அட்டைய எடுங்கண்ணே, ப்ளீஸ்” என்று மோகன் காதோரம் சொன்னார். நான் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

விருந்தினர் தமிழர். கவிதா நீட்டிய அழுகிய வேரை முகர்ந்து முகம் சுளித்தார். “சரி, இந்த ஒம்பது மட்டும் எப்படிம்மா பொழச்சுது?”

“அது தினேஷ் வரிசை சார். மழை பெஞ்சா அவன் தோட்டத்துக்கு வரவே மாட்டான். அப்புறமா வந்து டிக் மட்டும் போட்டுருவான்.”

விருந்தினர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு நிமிடத்துக்கு வந்தவர் இருபது நிமிடம் நின்றார். போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வரவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். இப்போது தெம்பனிஸில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். அங்கே என் ஷீட்டில் டிக் கட்டம் கிடையாது. ‘விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன்: ஈரம் / உலர்வு. ஊற்றினேன் / ஊற்றவில்லை. ஏன்?’ என்று மட்டும் இருக்கும். கட்டம் இருந்தால் சரிபார்க்கச் சுலபம் என்று அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் முடியாது என்றேன். செத்த செடிக்கும் அங்கே பெயர்க் குச்சி உண்டு. லாரி வந்தால் இன்றைக்கும் திருப்பி அனுப்புவேன்.

கட்டம் வேண்டும் என்று மறுபடி யாராவது வந்தால் காட்டுவதற்குப் பழைய ஷீட்டைப் பையில் வைத்திருக்கிறேன். முழுதாக நிரம்பிய ஷீட் அது. முப்பத்தொரு செடிகளின் வேர் அழுகிய அந்த மழை வாரத்திலும், ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு டிக், மாலையில் ஒரு டிக்.