விரலால் சிப்பைத் தொட்டவர்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், திண்டிவனத்தில் ரேடியோ செய்தேன், கோயில் திருவிழாவுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தேன், செல்போன் பாட்டை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் டிஜிட்டல் கன்வர்ட்டரும் செய்தேன். அதில் மட்டும் பாட்டு கரகரத்தது.

அதைச் சரிபார்க்க விழுப்புரத்திலிருந்து வந்த ஒல்லி மனிதர் எதையும் கேட்குமுன் தொட்டுப் பார்ப்பார். பாட்டை ஸ்பீக்கர் பக்கம் அனுப்பும் ஆப்-ஆம்ப் சிப்பைத் தொட்டதும், "கொதிக்குதுங்களே! விலை ஒசத்தின்னு போட்டுக்கினீங்களா?" என்றார்.

"வேகமான சிப்பு சார்!"

"அந்த வேகம்தாங்க பேஜாரு. இந்த போர்டு தாங்காம சிப்பு தானா அதிருது, அதான் சூடும் கரகரப்பும். நிதானமான பழைய சிப்பே போதும்."

சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. என் காதுக்குத் தெரியாதது அந்த விரலுக்கு எப்படித் தெரிந்தது?

இன்றும் ஊரில் அதை அவர் செய்த பெட்டி என்கிறார்கள். சிப்பை நொடியில் மாற்ற முடிந்ததே, நான் சால்டர் வைத்து ஒட்டாமல், கழற்றி மாட்டும் சாக்கெட்டில் பொருத்தியிருந்ததால்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.