‘வந்தா’ என்று நின்ற பாட்டு

முப்பத்திரண்டாவது வயதில் பிரிசில்லாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு குரல் கட்டையாகி, போனில் பேசுகிறவர்கள் “சொல்லுங்க சார்” என்று ஆரம்பிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அதுவரை கடலூர் முதுநகர் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள். பாடுவதை விட்டாள். பாட்டுக் கட்ட ஆரம்பித்தாள்.

செம்மங்குப்பத்தில் சாயப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லேபில் அவளுக்கு வேலை. அங்கே புகையை வெளியே தள்ளும் விசிறி நாள் முழுக்க ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது தலைவலி. அவள் அதையே சுருதியாக வைத்துக்கொண்டு மனதுக்குள் மெட்டுப் போடுவாள். வீட்டுக்கு வந்து சின்ன கீபோர்டில் வாசித்துப் பார்ப்பாள். இப்போது நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “ஷிஃப்ட்டு ஒத்து வரல” என்பாள். வீட்டில் அவளும் அம்மா ஆரோக்கியம்மாளும் மட்டும்தான்.

தம்பி ராபர்ட் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. திருப்பூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. மூன்று மாதம் ஞாயிறுதோறும் பேசினான். நான்காம் மாதம் அவன் போன் அணைந்தது. பிரிசில்லா திருப்பூருக்கே போய் அவன் தங்கியிருந்த அறையைக் கண்டுபிடித்தாள். “யாரோ பிரெண்டு கூட பெங்களூர் போறேன்னு பைய எடுத்துக்கிட்டுப் போனான்க்கா, எங்ககிட்டயே சரியா சொல்லல” என்றார்கள் அங்கிருந்தவர்கள். போலீஸில் புகார் கொடுத்தாள். பெங்களூருக்கும் இரண்டு தடவை போய் வந்தாள். ஒன்றும் தெரியவில்லை. இறந்தவனுக்கு வைக்கும் பூசையும் வைக்க முடியாமல், இருக்கிறான் என்றும் சொல்ல முடியாமல் இருவரும் வருஷங்களைத் தள்ளினார்கள்.

காயத்ரி அவளுக்கு பஸ்ஸில் பழக்கமானவள். சிதம்பரத்தில் வீடு. அங்கேயே இசை படித்துவிட்டு, கடலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தாள். மாலையில் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவளிடம், ஒருநாள் சிதம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரிசில்லா திரும்பி, “ரெண்டாவது வரியில ‘ரி’ கொஞ்சம் எறங்குது” என்றாள். காயத்ரி மறுபடி பாடிப் பார்த்தாள். இறங்கத்தான் செய்தது. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்.

ஏழு வருஷம், மாதத்தில் இரண்டு ஞாயிறாவது, பூசை முடிந்ததும் பிரிசில்லா சிதம்பரம் மேல வீதியில் இருந்த காயத்ரி வீட்டுக்குப் போய்விடுவாள். காயத்ரியின் கணவன் ராஜ்கமல் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தான். வீட்டின் ஒரு அறையில் மைக்கும் கம்ப்யூட்டரும் இருந்தன. பிரிசில்லா மெட்டைக் கீபோர்டில் காட்டி, கமகம் வேண்டிய இடத்தில் கையால் காற்றில் வரைந்து காட்டுவாள். காயத்ரி அதைக் குரலில் எடுத்துத் தருவாள். தன்னிடம் இல்லாமல் போன குரல் எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோலப் பிரிசில்லாவுக்கு இருக்கும். பத்துப் பதினைந்து பாட்டுகள் இப்படி வந்தன. கல்யாண வாழ்த்து, மாதா பாட்டு, பள்ளி ஆண்டு விழாப் பாட்டு. எதிலும் அவர்களுக்குள் மனக்கசப்பு வந்ததில்லை.

ராபர்ட்டைப் பற்றிய பாட்டு இரண்டு வருஷம் பிடித்தது. பேச்சு நடையிலேயே எழுதினாள்.

‘அவன் சட்டை அளவு மறந்துபோச்சு,
அவன் செருப்புச் சத்தம் மறக்கலியே’

என்று ஆரம்பிக்கும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு அக்கா சொல்வதுபோலப் போகும். கடைசி வரி, ‘எங்க தெருப் பக்கம் தம்பி வந்தா...’. அவ்வளவுதான். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாட்டில் இல்லை. மெட்டும் அப்படியே மேல் ‘ச’வுக்கு ஒரு படி கீழே, ‘நி’யில் போய் நின்றுவிடும். கேட்கிறவர் காது அந்த அடுத்த படிக்காகத் தவிக்கும். அது வராது.

காயத்ரிக்கு முதல் தடவை பாடிப் பார்த்தபோதே கண் கலங்கிவிட்டது. சிதம்பரத்தில் ஒரு வர்த்தகர் சங்கத்தின் பொங்கல் விழாவில் பாட அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. “இத அங்க பாடட்டுமாக்கா?” என்று கேட்டாள்.

பிரிசில்லா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: “பாடு. ஆனா ‘வந்தா’வுக்கு அப்புறம் ஒண்ணும் இருக்கக் கூடாது. தபேலா, கீபோர்டு எல்லாம் நிக்கணும். அந்த எடத்துல சும்மா இரு.”

“ஒண்ணும் இருக்காதுக்கா” என்று காயத்ரி அவள் உள்ளங்கையில் கை வைத்தாள்.

விழாவுக்குப் பிரிசில்லா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. காயத்ரி நன்றாகப் பாடினாள். சட்டை அளவு மறந்துபோச்சு என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிரிசில்லா மடியில் விரலால் தாளம் போட்டபடி, அந்தக் கடைசி மௌனத்துக்காகக் காத்திருந்தாள்.

‘எங்க தெருப் பக்கம் தம்பி வந்தா’ என்று ‘நி’யில் வந்து நின்ற காயத்ரி, கையை உயர்த்தி, அடுத்த படியில் ஏறினாள். “வந்தா...ன்!” மேல் ‘ச’வில் குரல் நின்று விரிந்தது. தபேலா முழங்கியது. கீபோர்டு நிறைந்து ஒலித்தது. ‘தம்பி வந்தான், தம்பி வந்தான்’ என்று மூன்று தரம் பாடி முடித்தாள். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. அழுதவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

ஆரோக்கியம்மாள் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டான் பிரிசி” என்றாள்.

பிரிசில்லாவுக்கு யாரோ நடுவீட்டில் வந்து நின்று பொய் சொன்னதுபோல இருந்தது. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்காமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு மேல வீதிக்குப் போனாள். காயத்ரி காபி கொண்டுவந்து வைத்தாள். பிரிசில்லா தொடவில்லை.

“ஏன் மாத்தின?”

“மாத்தணும்னு நெனச்சிக்கிட்டுப் போகலக்கா. பாடிக்கிட்டே வர்றேன், முன்னாடி இருக்கிற அத்தினி பேரும் அழுவுறாங்க. அவுங்கள அங்கியே விட்டுட்டு எப்படி எறங்குறது? நீங்க வீட்ல உக்காந்து கட்டிடுறீங்க. அவுங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு நிக்கிறது நான்தானே?” சற்று நிறுத்திவிட்டு, “அம்மா மூணாவது வரிசையில இருந்தாங்க. அவுங்கள பாத்தேன், தானா வந்திடுச்சு” என்றாள்.

பிரிசில்லா அவளையே பார்த்தாள். அம்மாவின் பேர் வந்ததும் ஒரு கணம் மனசு இளகியது உண்மை. ஆனால் அவள் காதுக்கு ஒரு கணக்கு இருந்தது.

“தானா வந்திச்சின்னா, தபேலாக்காரர் எப்படி உன் கூடவே சேந்தாரு? கீபோர்டுக்காரர் எப்படி சரியா அந்த எடத்துல கை வெச்சாரு?”

பக்கத்து அறையில் வேலையாக இருந்த ராஜ்கமல், உள்ளிருந்தே சாதாரணமாகச் சொன்னான்: “ரிகர்சல்லயே வெச்சிட்டோம்க்கா. அந்தரத்துல விட்டா கை தட்டு விழாதுன்னு எல்லாருந்தான் சொன்னாங்க.”

காயத்ரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“உன் குரல்ல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல” என்றாள் பிரிசில்லா. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ராஜ்கமல் அந்தப் பாட்டை யூடியூபில் ஏற்றியிருந்தான். பாடல், இசை என்ற இடத்தில் காயத்ரியின் பேர் இருந்தது. பிரிசில்லா ஒரு மெசேஜ் அனுப்பினாள். அரைமணி நேரத்தில் மன்னிப்போடு பேரை மாற்றினார்கள். ‘ன்’ என்ற அந்தக் கடைசி எழுத்தை எடுக்கச் சொல்லியும் கேட்டாள். அதற்கு, “இப்ப எடுத்தா நல்லா இருக்காதுக்கா, ஜனங்களுக்கு இதான் பழகிடுச்சு” என்று பதில் வந்தது. தன் பேரைத் தாங்கி நிற்கும் அந்தப் பாட்டு அவளுடையதாக இல்லை. பழையபடி காயத்ரி பேரே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

வீட்டில் அம்மா தினமும் காலையில் ஜெபமாலை சொல்லி முடித்ததும் போனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த பிரிசில்லா, ஒருநாள் கீபோர்டை எடுத்து அம்மா முன்னால் வைத்து, தன் கட்டைக் குரலிலேயே பாட்டைக் கட்டியபடி பாடினாள். ‘வந்தா’வில் நிறுத்தினாள்.

ஆரோக்கியம்மாள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். “இது வேணாம்மா. இதுல அவன் இன்னும் வரல.”

“வரலதானேம்மா. அது பொய்யி. நெசத்ததான் நான் எழுதினேன்.”

“நெசம் எனக்கு நாள் பூரா இருக்குது. பாட்டுலயாவது வரட்டுமே, உனக்கின்னா போவுது?”

பிரிசில்லா வேலைக்குக் கிளம்பினாள். அன்று லேபில் ஒரே சாம்பிளை இரண்டு தரம் சோதித்துவிட்டு, அடுத்ததை விட்டுவிட்டாள். இத்தனை வருஷமும் அம்மாவும் தானும் ஒரே பக்கத்தில் நின்று காத்திருப்பதாக நினைத்திருந்தாள். அம்மா எப்போது அந்தப் பக்கம் போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டு அவள் கண்ணெதிரிலேயே வேறொன்றாக ஆனது. முன்பாதியை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. குவைத்திலிருந்து வருகிறவரை ஏர்போர்ட்டில் வரவேற்கும் வீடியோவுக்கு அந்தக் கடைசி மூன்று வரியைப் போட்டார்கள். லேபில் கூட வேலை செய்யும் பவானியின் அக்கா மகன் கல்யாணத்துக்குப் பிரிசில்லா குடிகாடு கிராமத்துக்குப் போயிருந்தாள். ரிசப்ஷனில் மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கும்போது, ஸ்பீக்கரில் ‘தம்பி வந்தான், தம்பி வந்தான்’ என்று அதிர்ந்தது. பையன்கள் ஆடினார்கள்.

“ஏ, இது உன் பாட்டுதானே?” என்று பவானி பெருமையாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினாள். “இவுங்கதான் எழுதினாங்க. எங்க லேப்புதான்.”

ஒரு பெண்மணி பிரிசில்லாவின் கையைப் பிடித்து, “ரொம்ப சந்தோசமான பாட்டும்மா” என்றாள். பிரிசில்லா தலையசைத்தாள். அங்கே ஆடியவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தே செய்தவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு, செம்மங்குப்பம் வழியாகப் போகும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறுவதையே விட்டு, வேலைக்குக் கம்பெனி வேனில் போய்வர ஆரம்பித்தாள். காயத்ரி பல தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

டிசம்பரில் ஆரோக்கியம்மாளுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கும் போகவில்லை. மகளிடம் சொல்லாமல் அவளே காயத்ரிக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு, பழப்பையோடு காயத்ரி வாசலில் வந்து நின்றபோதுதான் பிரிசில்லாவுக்குத் தெரிந்தது. “உள்ள வா” என்று மட்டும் சொன்னாள்.

“அந்தப் பாட்ட ஒருதரம் பாடேன்” என்று ஆரோக்கியம்மாள் கேட்டாள்.

காயத்ரி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. மண்டபத்தில் பாடியதைவிட மெதுவாக, முதல் வரியிலிருந்து பாடினாள். சமையலறை வாசலில் நின்று பிரிசில்லா கேட்டாள். இரண்டு வருஷம் அவள் மனதில் ஓடிய பாட்டு அப்படியே வந்துகொண்டிருந்தது. ‘எங்க தெருப் பக்கம் தம்பி வந்தா...’ என்று ‘நி’யில் வந்து காயத்ரி நிறுத்தினாள். மேலே ஏறவில்லை. திரும்பிப் பிரிசில்லாவைப் பார்த்தாள்.

இரண்டு மூச்சு நேரம் அந்த அறையில் பாட்டு அவள் கட்டியபடியே இருந்தது.

“...ன்” என்றாள் ஆரோக்கியம்மாள், கட்டிலில் படுத்தபடி, சுருதி சேராத தளர்ந்த குரலில். “வந்தான். ஏன்மா நிறுத்திட்ட? முடிச்சிடு.”

காயத்ரி தயங்கினாள். பிரிசில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பாடு” என்றாள். காயத்ரி பாடினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கிளம்பும்போது பிரிசில்லா கேட் வரைக்கும் போனாள்.

“இன்னிக்கி நான் மாத்தலக்கா” என்றாள் காயத்ரி.

“தெரியும். பாத்தேன்.”

“அம்மாவுக்கும் அதுதான் வேணும்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சிடுச்சில்ல?”

“அம்மாவுக்கு அது வேணும். அம்மா மாத்திக்கட்டும், அவுங்க புள்ள. நீ என்கிட்ட கை வெச்சி சொல்லிட்டு, உள்ளுக்குள்ள ரிகர்சல் பாத்த. கேட்டதுக்கு, எங்க அம்மாவையே சாக்கு சொன்ன.”

காயத்ரி அழுதாள். பிரிசில்லா அவள் முடிக்கும்வரை நின்றிருந்தாள். ஆட்டோ வந்தது. ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

ஆரோக்கியம்மாள் மார்ச்சில் தவறிப்போனாள். அடக்கத்துக்குக் காயத்ரி வந்திருந்தாள், பின்னால் நின்றுவிட்டுப் போனாள். பிரிசில்லா இப்போதும் மெட்டுக் கட்டுகிறாள். கோயில் பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் அவற்றைப் பாடுகிறார்கள். காயத்ரி அளவுக்கு வராது. அவர்கள் பாடும்போது, அந்தக் குரல் இந்த இடத்தில் எப்படி ஏறியிருக்கும் என்று பிரிசில்லாவுக்குத் துல்லியமாகத் தெரியும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருக்கிறது.