கஞ்சி சாப்பாட்டில் சேராது

எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பாக்கெட் காலியானால் அதைக் குப்பையில் போட அம்மா விடமாட்டாள். கத்தரிக்கோலால் ஓரங்களை வெட்டிப் பாய் மாதிரி விரித்து, அதன் மேல் ஒரு கை சோற்றைப் போட்டுப் பிரட்டுவாள். ஒட்டியிருக்கும் பாமாயில் எல்லாம் சோற்றுக்கு வந்துவிடும். அதில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி டப்பாவில் அடைத்தால் அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு. புளியை இரண்டு முறை கரைப்பாள். முதல் கரைசல் குழம்புக்கு, அடுத்தது ரசத்துக்கு, சக்கை குடம் விளக்க. சுரைக்காய்த் தோல் துவையலாகும், முள்ளங்கி இலை பொரியலாகும். முந்தாநாள் குழம்பும் நேற்றைய ரசமும் ஒரே சட்டியில் கிடந்து சுண்டும்.

இதற்காகத் தெருவில் அம்மாவுக்குப் பெரிய பேர். "குடும்பம் நடத்துறத அவகிட்ட போய் கத்துக்கினு வா" என்று மாமியார்கள் மருமகள்களிடம் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் இருப்பதை மிச்சம் பிடித்தால் சிக்கனம் என்று சொல்லலாம். எங்களிடம் மிச்சம் பிடிக்க என்ன இருந்தது?

சங்கராபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்து மரவள்ளி போட்டிருந்தார். அந்த வருஷம் கிழங்கு விலை படுத்துவிட்டது. குத்தகைப் பாக்கிக்காகப் பசுமாட்டை விற்றோம். அப்பா கரும்பு வெட்டப் போனார், அம்மா களை வெட்டப் போனாள், நான் கள்ளக்குறிச்சியில் காலேஜுக்குப் போனேன். என் படிப்பை நிறுத்தலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கரும்பு வெட்டிய வயலில் அடிக்கட்டைகள் கூராக நின்றுகொண்டிருக்கும். அதில் ஒன்று அப்பாவின் வலது பாதத்தில் ஏறியது. ஏறியது அவருக்கே தெரியாது. சாயங்காலம் வாசலில் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து அம்மாதான் கத்தினாள்.

"இன்னாங்க இது, வலிக்கலியா?"

"இல்லியே. எப்ப குத்துச்சின்னே தெரியல" என்றார் அப்பா. அதை ஏதோ பெருமை போலத்தான் சொன்னார்.

மஞ்சள் வைத்துக் கட்டினோம். புண் ஆறவில்லை. ஓரம் வெளுத்து, நடுவில் குழி விழுந்தது. பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது நர்ஸம்மா விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அந்த அம்மாள் நல்லவர், பொறுமையாகப் பேசுவார்.

"ஐயா, உங்களுக்கு சக்கர ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கால் மரத்துப் போயிருக்கு, அதான் குத்துனது தெரியல. சக்கர இறங்குனா புண்ணு ஆறிடும். இறங்கலன்னா கால எடுக்கச் சொல்லிடுவாங்க. அதனால மாத்திரைய வுடாதீங்க. சோத்த கம்மி பண்ணுங்க, வேளைக்கு ஒரு கரண்டி போதும். குக்கர்ல வேணாம், வடிச்ச சோறா சாப்புடுங்க."

காலை எடுக்க வேண்டிவரும் என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு எதுவும் பெரிதாக இல்லை. அப்பாவின் காலை நம்பித்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அன்றைக்கே அம்மா குக்கரைக் கழுவித் துடைத்துப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். சோற்றில் இருக்கிற சர்க்கரையெல்லாம் கஞ்சியோடு வடிந்துவிடும் என்பது அவள் புரிந்துகொண்ட விதம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வேளைக்கு ஒரு கரண்டி சோறு. அதற்கு மேல் ஒரு பருக்கை விழுந்தாலும் அம்மா எடுத்துவிடுவாள். அதுவரை தட்டு நிறையச் சோற்றைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, மறுபடி வாங்கி, மோருக்கும் வாங்கிச் சாப்பிட்ட மனுஷன் அவர். வேலிமுருங்கைக் கீரையும் சுரைக்காயுமாக எவ்வளவு வைத்தாலும் அவருக்கு வயிறு நிறையவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து போய்விடுவேன்.

மாடு இருந்தவரை வடித்துத்தான் ஆக்கினோம், கஞ்சியை மாட்டுக்கு ஊற்றுவோம். மாடு போய்விட்டது. கஞ்சியைச் சாக்கடையில் கொட்டுகிற பழக்கம் எங்கள் தெருவில் எவளுக்கும் கிடையாது, அம்மாவுக்கு எங்கிருந்து வரும்? உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் ஒன்றை நசுக்கிப் போட்டு ஒரு சொம்பில் அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். ரேஷன் அரிசிக் கஞ்சி பசை மாதிரி கெட்டியாக இருக்கும். அதைக் குடித்தால்தான் அவருக்குப் பசி கொஞ்சம் அடங்கும். மாத்திரையைக்கூட அதில்தான் விழுங்குவார்.

சாமை சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று அம்மாவுக்கு யாரோ சொன்னார்கள். மலையில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் கரியாலூருக்குப் போனோம். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை. அருவிக்குப் போகிற வழியில் ஒரு அக்கா கடை போட்டிருந்தார். தேன், கடுக்காய், மிளகு, பிளாஸ்டிக் பையில் அடைத்த சாமை. விலையைக் கேட்டதும் அம்மா கையிலெடுத்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாக்கா, மலையிலயே இவ்ளோ சொல்றீங்க?"

"கார்ல வர்றவங்க இந்த வெலைக்குத்தான் வாங்கினு போறாங்கம்மா. இன்னும் ஜாஸ்தி சொன்னாலும் வாங்குவாங்க."

"நீங்க தெனமும் இத்தத்தான் துன்றீங்களா?"

அந்த அக்கா சிரித்தார். "நாங்க எங்க துன்றது? இத்த வித்துட்டு நாங்களும் ரேஷன் அரிசிதான் ஆக்குறோம்."

அம்மாவும் சிரித்தாள். மலை இறங்கும்வரை அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் அழுகையாக வந்தது. இருந்த காசுக்கு ஒரு சின்னப் பை வாங்கியிருந்தோம். அப்பாவுக்கு மட்டும் ஆக்கிப்போட்டும் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. பிறகு பழையபடி ரேஷன் அரிசி, ஒரு கரண்டி, வடித்த சோறு.

அடுத்த மாதம் பார்த்தபோது சர்க்கரை இறங்கவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. நர்ஸம்மாவுக்கே ஆச்சரியம்.

"ஐயா, எங்கிட்ட மறைக்காதீங்க. வெளிய டீ, வடை, இனிப்புன்னு எதனா சாப்புடுறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. ஒரு கரண்டி சோறு, காய். அவ்ளோதான்."

"மாத்திரை?"

"ஒரு வேளை வுட்டதில்ல."

வீட்டுக்கு வந்து தட்டை வைத்த பிறகுதான் அம்மா ஆரம்பித்தாள். கால் புண்ணால் அப்பா வேலைக்குப் போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்த சமயம் அது.

"டீக்கடையில குந்திக்கினு இன்னா துன்றீங்க? உண்மைய சொல்லுங்க. நான் அரை வயிறு துன்னுட்டு வெயில்ல சாவுறேன். உங்களுக்கு நாக்க கட்ட முடியல."

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு கரண்டிச் சோறும் தரையில் சிதறியது. அம்மா அழுதுகொண்டே அதைப் பொறுக்கி, கழுவி, பிழிந்து குழம்புச் சட்டியில் போட்டாள். அழுகை ஒரு பக்கம், கை அதன் பாட்டுக்குப் பொறுக்குவது ஒரு பக்கம். அவள் மேல் அன்றைக்கு வந்த வெறுப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் குளிக்கப் போனபோது சட்டைப் பையில் மிட்டாய்க் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று துழாவினேன். பீடிக்கட்டும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று ராத்திரிச் சோற்றையும் விட்டுவிட்டார். "எனக்கு சோறே வேணாம், கஞ்சித்தண்ணி போதும்" என்று இரண்டு சொம்பாகக் குடித்துவிட்டுப் படுத்தார். ஊர் வாயிலும் எங்கள் வாயிலும் அவர் நாக்கு அடங்காத மனுஷன் ஆகிவிட்டார். யாருடனும் அதிகம் பேசாமலானார்.

மழைக்காலம் தொடங்கியபோது சுண்டுவிரல் கருத்தது. நாற்றம் வர ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலில் விரலை எடுத்தார்கள். அது போதவில்லை என்று பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான். அம்மா கைநாட்டுகூட வைக்கமாட்டேன் என்று சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, வார்டுக்கு வந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மா அப்பாவின் கட்டிலருகே நின்று நிதானமாகக் கேட்டார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து வாயில் போவதை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார்.

"எழுந்தா கஞ்சித்தண்ணி" என்றார் அப்பா.

"எவ்ளோ?"

"ஒரு சொம்பு. மத்தியானம் ஒரு சொம்பு. ராத்திரி சில நாள்ல ரெண்டு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "சோத்த கொறைச்சிட்டு கஞ்சிய குடுத்துட்டீங்களேம்மா. சோத்துல இருக்குற மாவுதானே கஞ்சியா வருது? சக்கர எப்படி இறங்கும்?" என்றவர், அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. புண்ணு முத்திப்போய்தான் வந்தீங்க."

அந்த இரண்டாவது பேச்சு அம்மாவின் காதில் விழவே இல்லை. தாழ்வாரத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கஞ்சி எப்பிடிடி சாப்பாட்டுல சேரும்? தெருவுல ஒருத்தர் சாப்ட்டியான்னு கேட்டா, கஞ்சி குடிச்சவன் இன்னும் இல்லன்னுதான சொல்லுவான்? நாம அப்பிடித்தான சொல்லுவோம்?"

ஆமாம், அப்படித்தான் சொல்வோம். நர்ஸம்மா கேட்டபோது அப்பா பொய் சொல்லவில்லை. மாட்டுக்கு ஊற்றுகிற தண்ணீரைப் போய் எந்த மனுஷன் தன் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பான்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. விற்ற மாட்டின் மேல்கூட வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் வாழைப்பழமும் பன்னும் சத்துமாவு பாட்டிலும் கொண்டுவந்தார்கள். அதில் எதையும் அவர் தொடக்கூடாது. பாட்டில்களைப் பிரிக்காமல் எடுத்துப்போய் மளிகைக்கடையில் கொடுத்துவிட்டு அம்மா பருப்பு வாங்கிவந்தாள். ஆள் வரும் சத்தம் கேட்டாலே அப்பா போர்வையை இழுத்து இடுப்புவரை போர்த்திக்கொள்வார். காலை யாரும் பார்க்கக் கூடாது. கட்டு மாற்றும்போது என்னைக்கூட வெளியே போகச் சொல்லிவிடுவார்.

ஒரு காலையில் அம்மா சோற்றை வடித்துவிட்டுக் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனாள். வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் தினமும் கொட்டுவாள். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். ஒரு தூக்குப்போசியோடு ஓடிவந்தாள்.

"எக்கா, கொட்டாத கொட்டாத. இப்பிடி ஊத்து."

"உனக்கு எதுக்குடி?"

"எங்க வூட்டு ஆளுக்குத்தான். அவருக்கும் சக்கரன்னுட்டாங்க. சோறு ஒரு கரண்டிதான் வெக்கிறேன், பசி தாங்காம எரிஞ்சி வுழறாரு. எங்க வூட்டுக் கஞ்சி பத்தல."

அம்மா சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். எதிர்வீட்டுக்காரிக்கு முகம் செத்துப்போனது.

"இன்னாக்கா நீ, ஒரு சொம்பு கஞ்சிக்குப் போயி…"

அம்மா வெறும் சட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தரதரவென்று வீட்டுக்குள் இழுத்துவந்து கட்டிலின் முன்னால் நிறுத்தினாள். அந்நிய ஆளைக் கண்டதும் அப்பா வழக்கம்போல் போர்வையை இழுத்தார்.

"காட்டுங்க" என்றாள் அம்மா. "இவ வூட்டுக்காரருக்கும் சக்கரையாம். கஞ்சி கேக்குறா."

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு போர்வையைத் தானே விலக்கி, கட்டுப் போட்டிருந்த அந்த மொட்டைக்காலை அவள் பக்கமாக நீட்டினார்.

"நல்லா பாத்துக்கம்மா" என்றார். "அவரையும் வரச் சொல்லு, பாத்துட்டுப் போவட்டும்."