சேகர் அண்ணனும் சலிக்காத முந்திரி மூட்டையும்

சேகர் அண்ணன் இறந்துவிட்டார்.

இன்று காலை வடக்குத்து கிராமத்தில் எங்கள் பன்றிப் பண்ணையில் ஆண் பன்றி பாய்ந்து அவர் தொடையைக் கிழித்துவிட்டது. துண்டால் இறுக்கிக் கட்டினேன், ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோ ஆர்ச் கேட்டைத் தாண்டும்போதே என் மடியில் முடிந்துவிட்டது...

சட்டையை இன்னும் மாற்றவில்லை. மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... அவரும் நானும் மைன்ஸில் ஒரே கான்ட்ராக்டில் வேலை. ஷிப்ட் முடிந்தால் பண்ணை. ஆறு தாய்ப்பன்றிகள், ஒரு ஆண் பன்றி.

அவர் கோபம் ஊரறிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி சூப்பர்வைசர் முகத்திலேயே அடித்துவிட்டு ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்த ஆள்.

முதல் ஈற்றில் பதினோரு குட்டிகள். பிறந்த பன்றிக்குட்டிக்கு உடம்பில் கொழுப்பே இருக்காது. குளிர் தாங்காமல் தாயின் வயிற்றடியில் போய்ப் புகும், தாய் புரண்டு படுத்தால் தீர்ந்தது.

விடிந்து போய்ப் பார்த்தால் ஏழு நசுங்கிக் கிடந்தன. அண்ணன் மண்வெட்டியால் தண்ணீர்த் தொட்டியை உடைத்தார், சுவரை உடைத்தார், கடைசியில் அந்தச் செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

கால்நடை டாக்டர்தான் வழி சொன்னார். "சினையோட கடைசி ரெண்டு வாரமும், பால் குடுக்கிற நாளுலயும் தீனியில கொஞ்சம் எண்ணெய் சேருங்க. பால் கெட்டியா வரும். குட்டிக்குத் தெம்பு இருந்தா தாய் படுக்கறப்ப வெலகி ஓடிரும்."

அதிலிருந்து தினமும் நொய்க்கஞ்சியில் கடலை எண்ணெய் ஊற்றித் தன் கையாலேயே பிசைவார். "தின்னுடி... உன் புள்ளைங்களுக்குத்தான்டி" என்று தாய்ப்பன்றியின் முதுகில் ஒரு அறை விடுவார். அவருக்குக் கொஞ்சுவதும் அடிப்பதும் ஒன்றுதான்.

அடுத்த ஈற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. அந்தச் சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினார் பாருங்கள்... ஒரு வாரம் விலா வலித்தது.

அப்புறம் எனக்குப் புத்தி வேலை செய்தது. முந்திரியிலும் எண்ணெய்தானே? காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்திருக்கும் தனவேலிடம் போய்க் கழிவுப் பருப்பு ஒரு மூட்டை வாங்கி வந்தேன்.

தனவேல் மூட்டையைக் கட்டும்போதே சொன்னார். "ஓட்டுத் துண்டு கெடக்கும்ங்க. நல்லா சலிச்சிட்டுப் போடுங்க. வாய் வெந்துரும்."

முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் உரிந்துவிடும் என்று இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த அலுப்பு... சலிக்காமல் நிறைசினையாய் இருந்த ஒரு பன்றியின் தீனியில் அப்படியே கொட்டிவிட்டேன்.

மறுநாள் அதன் வாயெல்லாம் கொப்புளம். அந்த வேதனையிலேயே குட்டி போட்டது.

வலியில் வெறி பிடித்துவிட்டது அதற்கு. விழுந்த குட்டியை விழுந்த இடத்திலேயே கடித்தது. ஒன்றின் தலையைத் துண்டாக்கியது, இன்னொன்றைக் கவ்வி உதறியது. அண்ணன் உள்ளே குதித்துக் கையை விட்டார்.

அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்தது. அந்தக் கையோடு இரண்டு குட்டிகளை இழுத்து வெளியே போட்டார். சாயங்காலத்துக்குள் அவையும் செத்துவிட்டன.

கைக்குக் கட்டுப் போட்டதும் "வண்டியை எட்றா" என்றார். நேராகக் காடாம்புலியூர்.

முந்திரி உடைக்கிற பெண்கள் அத்தனை பேரும் பார்க்கத் தனவேலின் முடியைப் பிடித்துத் தூணில் மோதினார். முன்பல் இரண்டு தரையில் விழுந்தன.

"சலிச்சிட்டுப் போடுங்கன்னு சொல்லிக்கினுதானங்க கட்டுனேன்... இவரைக் கேளுங்க" என்று ரத்தத்தோடு என்னைக் காட்டினார் தனவேல்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "சொன்னானாடா?"

"இல்லண்ணே" என்றேன்.

அதற்கப்புறம் தனவேலுக்கு விழுந்த அடியை என்னால் எழுத முடியாது. எனக்கு விழவேண்டிய அடி. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருஷமாயிற்று. அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், சொல்லவில்லை. அடிப்பார் என்ற பயம். அப்புறம் பேசவே மாட்டாரோ என்ற பயம்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தனவேல் மாலையோடு இங்கே வந்தார். அண்ணி செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தார். "குட்டிங்களையெல்லாம் கொன்னு அந்த மனுசனை அழவுட்டியேடா... இப்ப பொணத்தைப் பாக்க வந்தியா?"

தனவேல் தடுக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். மாலையை வாசற்படியில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போய்விட்டார்.

அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. தூ... என்ன பிறவி நான்.

அண்ணி இதைப் படிப்பார். அவருடைய தம்பிகள் என் ஃபிரண்ட் லிஸ்ட்டிலேயே இருக்கிறார்கள். இங்கேதான் இருக்கிறேன், எங்கும் ஓடமாட்டேன்.

போயிட்டு வாங்கண்ணே.

சொன்னாருண்ணே. சலிச்சிட்டுப் போடச் சொன்னாரு.